ஊற்றுக்கண்ணும் கலைச்சொல்லும்: சேலம், நாமக்கல் சமவெளி நோக்கிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

அறிவியல் தமிழில் வருதல் வேண்டும் என்பது இன்று எவராலும் மறுக்கப்படாத கொள்கை. ஆயின், வந்துள்ள அறிவியற்றமிழ் எத்தகையது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. செய்யுளையும் நாவலையும் நுணுகி ஆராயும் நாம், கலைச்சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடுகின்றோம். கலைச்சொல்லும் ஒரு படைப்பே. படைப்பெனின் அதன் நிறையும் குறையும் ஆராயப்படல் முறையாகும். அவ்வாராய்ச்சியைச் சேலம், நாமக்கல் சமவெளியை நிலைக்களமாகக் கொண்டு நிகழ்த்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நிலப் பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்கெனக் கூட்டாக மேற்கொள்ளப்பட்ட தொடக்க முயற்சிகளுள் ஒன்று சேலத்தில் எழுந்தது என்பது முதற்காரணம். கடந்த சில பத்தாண்டுகளில் இச்சமவெளியின் வாழ்க்கை பொறிகளாலும் புதிய தொழில்களாலும் பெரிதும் மாறியுள்ளது என்பது இரண்டாவது. திருச்செங்கோட்டின் ஆழ்துளை வண்டிகள், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகள், சேலத்தின் சவ்வரிசி ஆலைகள் ஆகியவை புதிய பொருள்களைக் கொணர்ந்தன. பொருளோடு சொல்லும் வந்தது. அச்சொற்களுட் பல எந்தக் குழுவும் ஆக்காதவை. எனவே புலவர் ஆக்கிய சொல்லையும் தொழிலாளர் ஆக்கிய சொல்லையும் ஓரிடத்தே நிறுத்தி ஒப்புநோக்கும் வாய்ப்பு ஈண்டு வாய்க்கின்றது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதற்குமுன் இவை யாவும் பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆதலின் வேண்டுமிடத்துத் தருமபுரியையும் சேர்த்தே நோக்குவோம்.

1. சேலத்து முயற்சி

அறிவியற் சொல்லாக்கத்தின் வரலாறு சேலத்திற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேலை மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் பணியாற்றினார். அவர் முயற்சியால் 1875இல் வெளிவந்த வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’ எனப் பெயர் பெற்றது. அயற்சொல்லுக்குத் தமிழ் ஈறு தந்து ஆக்கிய பெயர் அது. பின்னர் அத்துறை இரசாயனம் எனப்பட்டது. இன்று வேதியியல் எனப்படுகின்றது. ஒன்றரை நூற்றாண்டில் ஒரு துறைக்கு மூன்று பெயர்கள் வழங்கினமை, சொல்லாக்கத்தில் நிலவிய மூன்று கொள்கைகளை ஒருங்கே காட்டுகின்றது.

சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராசகோபாலாச்சாரியார் 1916இல் நண்பர்களுடன் சேர்ந்து அறிவியற் சொற்களுக்கான தமிழ்க் கழகம் ஒன்றை நிறுவினார். நிலைத்திணை நூல், வேதியியல், இயற்பியல், வானநூல், கணிதம் ஆகிய துறைகளின் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைக் காணுதல் அதன் பணியாயிற்று. பாரதியாரும் இம்முயற்சியைப் பற்றித் தம் கட்டுரையில் எழுதியுள்ளார். அதே சேலத்து மண்ணில் தோன்றிய பொறியாளர் பா. வே. மாணிக்க நாயக்கர், தமிழ் எழுத்தொலிகளை ஆராய்ந்ததோடு அறிவியலைத் தமிழிற் கூறவியலும் என்பதையும் வலியுறுத்தியவர். பின்னர் 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்கள் தொகுதி வெளிவந்தது. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது.

இம்முயற்சிகளின் பெருமையைக் குறைத்தல் எம் கருத்தன்று. எனினும் அவை யாவும் ஒரே வினாவிலிருந்து புறப்பட்டன என்பதைக் குறித்தல் வேண்டும். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல் யாது என்பதே அவ்வினா. சேலத்துக் கழகத்தின் இதழே ஆங்கில மொழியில் நடத்தப்பெற்றமை இதனை விளக்கும். சொல்லை ஆக்குவோரும் அதனை மதிப்பிடுவோரும் ஆங்கிலம் அறிந்தவராகவே இருந்தனர். அப்பொருளோடு நாள்தோறும் பழகுவோர் அதனை யாதென அழைக்கின்றனர் என்னும் மற்றொரு வினா அக்கூட்டத்துள் எழுவதற்கு இடமில்லாது போயிற்று.

இதற்கு ஒரு புறனடை உண்டு. இராசகோபாலாச்சாரியாரே பின்னர் ‘திண்ணை ரசாயனம்’, ‘தாவரங்களின் இல்லறம்’ என்னும் நூல்களை இயற்றினார். அவற்றின் பெயர்களே ஆராயத்தக்கன. திண்ணை என்பது தமிழர் வீட்டில் வழிப்போக்கனும் அமர்ந்து உரையாடும் இடம். இல்லறம் என்பது வள்ளுவர் நூலால் தமிழர் நெஞ்சில் ஊன்றிய கருத்து. சொற்பட்டியலில் தொடங்கியவர், சொல் வாழ்வதற்குத் திண்ணை வேண்டும் என்பதைத் தம் பட்டறிவால் உணர்ந்தார் என்று கொள்ளுதல் பொருந்தும். பட்டியலிலிருந்து திண்ணைக்கு வந்த இவ்வழியே பின்வந்த அறிவியற்றமிழ் செல்லாது விட்ட வழியாகும்.

2. அளவைகள்

கலைச்சொல்லை மதிப்பிடுதற்கு மூன்று அளவைகளை ஈண்டுக் கொள்கின்றோம். பொருளைப் பிறழாது உணர்த்துதல் ஒன்று. ஏற்கெனவே வழங்கும் சொற்களோடு மயங்காதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் யாவரும் உடன்படுவன. அச்சொல்லைக் கேட்டவன் அதனைக் கொண்டே தனக்கு வேண்டிய வினாவை எழுப்ப இயலுதல் மூன்றாவது. இதனையே தலையாயது என்போம். வினா எழுப்ப உதவாத சொல், தேர்வுத்தாளுக்குப் பயன்படலாம், வாழ்வுக்குப் பயன்படாது.

சொல் எம்மொழியினது என்பதை அளவையாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கினையும் செய்யுட்கு உரியவாகக் கொண்டமை நாமறிந்ததே. அயற்சொல் பிழையாதல் போலவே தமிழ்ச்சொல்லும் பிழையாதல் கூடும். சேலம் நகரை அடுத்த வெண்ணிறக் குன்றுகளை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்றனர். ஆண்டுக் கிடைப்பது மாக்னசைட்டு என்னும் கனிமமேயன்றிச் சீமைச்சுண்ணாம்பு அன்று. அவ்வூர் மக்களோ அதனை வெள்ளைக்கல் என்றனர். நிறத்தை மட்டும் கூறி அமைந்த அப்பெயரிற் பிழையில்லை. அறியாததை அறிந்ததாகக் கூறாமையும் நல்ல சொல்லின் இலக்கணமே.

3. கிணறும் போரும்

இச்சமவெளியின் வேளாண்மை கிணற்றை நம்பியது. எருது பூட்டி நீரிறைக்கும் பொறியைக் கொங்கு நாட்டார் கவலை என்பர். தென்பாண்டி நாட்டார் கமலை என்பர். அதன் உறுப்புகளாகிய சால், பறி, வடக்கயிறு, வால்கயிறு, எருது இறங்கியேறும் வாரி ஆகியவை தனித்தனிப் பெயர் பெற்றிருந்தன. கருவி மறையவே அப்பெயர்களும் மறைந்து வருகின்றன. முதியோர் நாவிலும் சில நூல்களிலுமே அவற்றை இன்று காண்கின்றோம்.

கவலையின் இடத்தை மின்விசை இறைப்பியும், பின்னர் ஆழ்துளையும் பற்றின. திருச்செங்கோடு இன்று துளையிடும் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து அவை இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. அவ்வண்டியை ரிக்கு என்றும், துளையைப் போர் என்றும், துளையின் மேற்பகுதியில் மண் சரியாதபடி இறக்கும் குழாயைக் கேசிங்கு என்றும் அத்தொழிலோர் வழங்குவர். இவை ஆங்கிலச் சொற்களே. ஆயின் அவர்கள் கடன் கொண்டதோடு நிற்கவில்லை. அழுத்தப்பட்ட காற்றுப் பாறைத்தூளை மேலே தள்ளுங்கால், நீரின்றி வெறும் தூளே எழுமாயின் அதனைப் ‘புகை’ என்பர். ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வந்தது என்று ஓர் உழவர் கூறின், ஒரு குடும்பத்தின் கடன் முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றது. எக்கலைச்சொற் பட்டியலிலும் இடம்பெற வேண்டிய சொல் இது.

நூல்வழக்கில் ‘ஆழ்துளைக் கிணறு’ என எழுதுகின்றோம். இச்சொல்லை முதலளவையாற் சோதிப்போம். ஆழ்துளை என்னும் பகுதி செவ்விது. கிணறு என்னும் பகுதியோ ஐயத்திற்கு இடமானது. கிணறு என்றவுடன் அகன்ற வாயும் கைப்பிடிச் சுவரும் இறங்கும் படியும் நம் உள்ளத்தில் தோன்றுகின்றன. பாழ்பட்ட கிணற்றை எவரும் தொலைவிலேயே காண்பர். ஆழ்துளையோ ஒரு சாண் அளவேயுள்ள வாய் உடையது. கைவிடப்பட்டால் புல்லும் சருகும் அதனை மறைத்துவிடும். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இத்தகைய துளையில் இரண்டு வயதுக் குழந்தை வீழ்ந்து இறந்ததை நாடு அறியும். அத்துயரத்திற்குச் சொல் காரணம் என்று நாம் கூறவில்லை. கைவிட்ட துளையை மூடுக என்னும் ஆணைக்கு, கிணறு என்னும் சொல் துணை செய்யவில்லை என்றே கூறுகின்றோம். பேச்சு வழக்கில் உள்ள ‘போர்க்குழி’ என்பது இவ்வகையில் உண்மைக்கு அணித்தாய் நிற்கின்றது. குழி என்றால் மூடவேண்டும் என்னும் கருத்து அச்சொல்லோடே வருகின்றது.

மக்கள் சொல் யாண்டும் உண்மையே உணர்த்தும் என்பதும் எம் கருத்தன்று. நிலத்தடி நீரைக் குறிக்க ‘நீரோட்டம்’ என்னும் சொல் இங்குப் பெரிதும் வழங்குகின்றது. நீரோட்டம் பார்த்துத் துளையிடுதல் வழக்கம். சேலம், நாமக்கல் நிலத்தடியில் உள்ளவை பெரும்பாலும் சார்னோக்கைட்டு, நைசு முதலிய வன்பாறைகள். அவற்றில் ஆறுபோல் நீர் ஓடுவதில்லை. பாறை உருக்குலைந்த மேலடுக்கிலும், அதன்கீழ் உள்ள வெடிப்புகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. அந்த அளவும் வரம்புடையது. நீரோட்டம் என்னும் சொல், ஓடிக்கொண்டேயிருக்கும் நீரை நாம் இன்னும் எட்டவில்லை என்னும் நம்பிக்கையை வளர்க்கின்றது. அந்நம்பிக்கையே ஐந்நூறு அடியை ஆயிரம் அடியாக்குகின்றது. இதற்கு மாறாக, கிணறு வெட்டுவோர் வழங்கிய ‘ஊற்றுக்கண்’ என்னும் பழஞ்சொல் பாறை வெடிப்பிலிருந்து நீர் கசியும் இடத்தையே சுட்டுகின்றது. கண் சிறிது, அடைபடவும் கூடும். இன்றைய நிலநூல் கூறுவதற்கு நீரோட்டத்தினும் ஊற்றுக்கண் நெருங்கியது. ஒரே மக்களின் வழக்கில் பொருந்தும் சொல்லும் பொருந்தாச் சொல்லும் அடுத்தடுத்து நிற்றலின், தேர்ந்து கொள்ளும் பொறுப்பு ஆராய்வோர்க்கு உண்டு.

4. நல்ல தண்ணீர்

மக்கள் வழக்கு தனித்து நிற்க இயலாத இடம் ஒன்றுண்டு. அதுவே இக்கட்டுரையில் நாம் முதன்மையாகக் கருதும் இடம்.

தமிழர் நீரைச் சுவையாற் பகுத்தனர். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்பன இச்சமவெளியில் எவரும் அறிந்த சொற்கள். நாவே இங்கு ஆய்வுக்கூடம். பல தலைமுறைகளுக்கு இப்பகுப்பு போதுமானதாக இருந்தது. துளை ஆழமாக ஆக, பாறையோடு நெடுங்காலம் தங்கிய நீர் மேலே வந்தது. பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்த புளோரைடும் அதனோடு வந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் பல பகுதிகளில், சிறப்பாகத் தருமபுரிப் பக்கத்தில், நிலத்தடி நீரில் இது மிகுதி. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் அமைவதே ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை இசையலாம் என்றும் இந்தியத் தர அளவை வகுத்துள்ளது. அளவு மிகின் வளரும் குழந்தைகளின் பற்களில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் தோன்றும். ஆண்டுக் கணக்கில் மிகின் எலும்பும் மூட்டும் இறுகி உடல் வளையாது போகும்.

தீங்கு செய்யும் அளவிலும் இதனை நா அறிவதில்லை. நிறமில்லை; நாற்றமில்லை. சுவையால் ‘நல்ல தண்ணீர்’ எனப்படுவது உடலுக்குத் தீயதாக இருத்தல் கூடும். நீரைக் காய்ச்சினால் கிருமி இறக்கும், புளோரைடோ போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகும். ஆகவே காய்ச்சிக் குடியுங்கள் என்னும் நல்லுரை ஈண்டுத் தீங்கைக் கூட்டவும் செய்யும். நூற்றாண்டுகளாக வந்த சொற்பாகுபாடு முழுவதும் இவ்விடத்தில் பயனற்றுப் போகின்றது. புதிய சொல் இன்றியமையாததாகின்றது.

அச்சொல் எவ்வாறு வந்தது? ‘புளோரைடு’ என்றும் ‘புளோரோசிசு’ என்றும் எழுத்துப் பெயர்ப்பாகவே வந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது. இந்நோயைத் தணித்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு நீரைக் கொணர்ந்தோம். அந்நீர் எதனின்று நம்மைக் காக்கின்றது என்பதை உணர்த்தும் சொல்லைக் கொணரவில்லை. நீராய்வுத் தாளில் புளோரைடு என்னும் சொல்லும் அதன் எதிரே ஓர் எண்ணும் இருக்கின்றன. தன் மகனின் பற்கறைக்கும் அவ்வெண்ணுக்கும் தொடர்புண்டு என்பதை அத்தாளைப் படிக்கும் தாய் எவ்வாறு அறிவாள்? அறியாதவள் வினவுவதும் இல்லை. மூன்றாம் அளவையில் இச்சொல் தோற்கின்றது.

புளோரைடு என்னும் வேதிப் பெயர் உலகப் பொதுவாதலின் அதனை மாற்றுதல் வேண்டா. நோய்க்கும் நீருக்கும் மட்டும் மக்கள் வினவத்தக்க பெயர் வேண்டும். அந்நோயைப் ‘பற்கறை நோய்’, ‘எலும்பிறுகு நோய்’ எனவும், அந்நீரைக் ‘கறைநீர்’ எனவும் வழங்கலாம் என்பது எம் கருத்து. இந்நீர் கறைநீரா என்று கேட்க எவர்க்கும் வாய் வரும். இதனினும் சிறந்த பெயரைப் பிறர் காணின் அதனையே ஏற்போம். பெயர் யாதாயினும், நல்ல தண்ணீர் என்பதற்கு எதிராக நிற்கும் ஆற்றல் அதற்கு வேண்டும்.

5. மருந்துக்குக் கேளாமை

நாமக்கல் முட்டைக்குப் பெயர் பெற்றது. அங்கே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது. பண்ணையாளர் வழக்கில் முட்டைக்கோழி, கறிக்கோழி, தீவனம், பறவைக் காய்ச்சல் முதலியன இயல்பாய் வழங்குகின்றன. பறவைக் காய்ச்சல் என்னும் மொழிபெயர்ப்பு மூன்று அளவையிலும் தேறுவது. கேட்டவுடன் எதற்கு வரும் எந்நோய் என்பது விளங்குகின்றது.

இதற்கு மாறானது கிருமிகளின் மருந்தெதிர்ப்பைப் பற்றிய சொல்லாட்சி. பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தை ‘எதிருயிரி’ என்று சிலர் எழுதினர். உயிரி என்பது உயிருடைய ஒன்றைக் குறிப்பது. மருந்தோ உயிரி அன்று. இது பொருட்பிழை. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்பது அதனினும் நன்று. சிக்கல் அடுத்த படியில் எழுகின்றது. அம்மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவதை ‘எதிர்ப்பாற்றல்’ என்கின்றோம். உடல் நோயைத் தடுப்பதனையும் ‘நோய் எதிர்ப்பாற்றல்’ என்றே கூறுகின்றோம். முன்னது தீது, பின்னது நன்று. இரண்டிற்கும் ஒரு பெயர். எதிர்ப்பாற்றல் வளர்ந்துவிட்டது என்று கேட்கும் பண்ணையாளர் மகிழ்வதா அஞ்சுவதா? எதிர்க்கும் பொருள் கிருமியா உடலா என்பதையும் அச்சொல் கூறவில்லை. இரண்டாம் அளவையில் இது முற்றும் தோற்கின்றது.

இம்மயக்கம் இலக்கண வழுவோடு நிற்பதன்று. மனிதர்க்கு வேறு மருந்து பயன்படாதபோது இறுதியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று கொலிசுட்டின். அது கோழி முதலிய உணவு விலங்குகளின் வளர்ச்சிக்காகவும் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதனை ஆக்குதலையும் விற்றலையும் இந்திய அரசு 2019 சூலையில் தடை செய்தது. இத்தடையின் காரணத்தைப் பண்ணையில் உள்ளோர்க்கு உணர்த்த வேண்டின், எதிர்ப்பாற்றல் என்னும் சொல்லைக் கொண்டு உணர்த்துதல் அரிது.

ஆயின் தமிழ் இதற்கு முன்னரே சொல் வைத்திருக்கின்றது. காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்பது நம் வீடுகளில் வழங்கும் தொடர். கேட்டல் என்பதற்கு இணங்குதல், அடங்குதல் என்னும் பொருள் அங்கே அமைகின்றது. இவ்வழக்கைப் பற்றி ‘மருந்துக்குக் கேளாக் கிருமி’ என்றும், அந்நிலையை ‘மருந்துகேளாமை’ என்றும் கூறின், மயக்கம் நீங்குகின்றது. யார் யார்க்குக் கேட்கவில்லை என்பது சொல்லிலேயே உளது. பட்டியலில் தேடியிருப்பின் இது கிடைத்திராது. அடுக்களையிற் கேட்டதால் கிடைத்தது.

6. கிழங்கும் ஆறும்

மரவள்ளியைச் சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். நடுவது குச்சியாதலின் அப்பெயர். அக்கிழங்கின் மாவைச் சிறு மணிகளாக்கி வறுத்துக் காயவைப்பதே சவ்வரிசி. மலாய் மொழியின் சாகு என்னும் சொல்லோடு அரிசி சேர்ந்ததென்று ஒரு சாராரும், சாவகத்தரிசி என்பதன் மரூஉ என்று ஒரு சாராரும் கூறுவர். எவ்வாறாயினும் வடிவு நோக்கி அரிசி எனப் பெயரிட்ட நயம் பாராட்டத்தக்கது. 1981இல் சேலத்தில் சவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்க்கான கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

இத்தொழிலில் பிழிந்து எஞ்சும் சக்கையைத் திப்பி என்பர். அது கால்நடைத் தீவனமாகின்றது. கழிவுநீர் புளித்து நாறுவது. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரினூடே சென்று நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு, நகரக் கழிவும் சாய நீரும் ஆலைக் கழிவும் பெற்றுக் கெட்டது. மணியும் முத்தும் பெயரிற் கொண்ட ஆறு இந்நிலையடைந்தமை வருந்தத்தக்கது. ஆலைகள் பல இன்று அக்கழிவுநீரை மூடிய கலத்தில் நொதிக்கச் செய்து எரிவாயு பெறுகின்றன. இது போற்றத்தக்க முன்னேற்றம். இவ்வாயுவுக்கு வழங்கும் பெயரோ ‘சாண எரிவாயு’. இங்குச் சாணம் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘உயிர்வாயு’ என்பாரும் உளர். உயிர்வாயு, உயிர்வளி என்பன மூச்சுக்குரிய ஆக்சிசனுக்கு வழங்கி வந்த பெயர்கள். எரியும் வாயுவுக்கும் சுவாசிக்கும் வாயுவுக்கும் ஒரே பெயரிடுதல் இடர் தருவதாம். ‘கழிவெரிவாயு’ எனின் மூலமும் பயனும் ஒருங்கே விளங்கும்.

7. தடைகளும் விடைகளும்

இங்குக் கூறியவற்றிற்கு இருபுறத்திருந்தும் தடை எழும். கொச்சையையும் ஆங்கிலத்தையும் கலைச்சொல்லாகக் கொள்ளின் மொழியின் தூய்மை கெடும் என்பது ஒருபுறம். மக்கள் ஆங்கிலச் சொல்லையே ஏற்றுவிட்டனராதலின் தமிழாக்கம் வீண் என்பது மறுபுறம்.

முதல் தடைக்கு விடை: நாம் எடுத்துக்காட்டிய ஊற்றுக்கண், புகை, திப்பி, கேளாமை என்பன யாவும் தமிழ்ச் சொற்களே. தூய்மையை நாடுவோர் முதலில் நாடவேண்டிய இடம் உழவரும் தொழிலாளரும் பேசும் இடமே. ஆங்கிலத்தை அடியொற்றிய தமிழ், ஒலியில் தமிழாயினும் பொருளில் அயலாதல் உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது வந்த ‘சமூக இடைவெளி’ இதற்குச் சான்று. உடல்களுக்கிடையே வேண்டிய தொலைவைச் சமூகங்களுக்கிடையே உள்ள தொலைவாக அச்சொல் காட்டியது. சாதியால் விலக்கி நிறுத்தப்பட்ட வரலாறுடைய நாட்டில் அது நல்ல சொல்லன்று. உலக நலவாழ்வு நிறுவனமே அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், உடலளவிலான இடைவெளி என்னும் பொருள்பட ஆங்கிலத்திலும் சொல்லை மாற்றி வழங்கத் தலைப்பட்டது. முகக்கவசம், பெருந்தொற்று, தடுப்பூசி ஆகியன அதே காலத்தில் எளிதில் வேரூன்றின. தமிழாக்கம் வீண் என்பார்க்கு இவையே மறுப்பாகும்.

இரண்டாம் தடைக்கு மேலும் ஒரு விடை: மக்கள் ஆங்கிலத்தை ஏற்பது கண்மூடி அன்று. மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதையும், முழு நீர்மட்டம் 120 அடி என்பதையும் காவிரிப் பாசனத்து உழவர் பலர் அறிவர். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடியைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். அதனை அவர் தமதாக்கிக்கொண்டது, அச்சொல்லால் அவர் வினவவும் வழக்காடவும் இயன்றதனாலே. எத்தனை டி.எம்.சி. திறந்தீர் என்று கேட்க இயல்கின்றது. வினாவுக்கு உதவும் அயற்சொல் தமிழாகிவிடுகின்றது. உதவாத தமிழ்ச்சொல் அயலாகவே நின்றுவிடுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், அறிவியற்றமிழுக்குப் பட்டியலும் வேண்டும், திண்ணையும் வேண்டும் என்பது போதரும். மக்கள் வழக்கை மட்டும் நம்பின் நீரோட்டத்தையும் நல்ல தண்ணீரையும் நம்பிக் கெடுவோம். பட்டியலை மட்டும் நம்பின் எதிர்ப்பாற்றலையும் உயிர்வாயுவையும் பெற்று மயங்குவோம். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதல் வேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி ஊர்தோறும் சொற்களைத் திரட்டித் தெலுங்கின் தொழிற்சொல்லகராதியில் வேளாண்மைத் தொகுதியை 1962இல் வெளியிட்டார். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் நிலத்துச் சொற்களைத் தொகுத்தார். தமிழ்ப் பேராசிரியரும் நாவலாசிரியருமாகிய பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். கவலையும் அதன் உறுப்புகளும் அழியுமுன் பதிவு பெறுதல் இத்தகையோர் உழைப்பாலேயே ஆகும். எனினும் வட்டார அகராதிகள் பெரிதும் பழைய வாழ்வின் சொற்களையே நாடுகின்றன. ரிக்கு வண்டியிலும் கோழிப் பண்ணையிலும் சவ்வரிசி ஆலையிலும் இன்று பிறக்கும் சொற்களைத் தொகுப்பார் அரியர். பழையது அழிகின்றதே என்று வருந்தும் நாம், புதியது பிறப்பதைக் காணாது விடுகின்றோம்.

இன்று கணினி ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நொடிப்பொழுதில் பெயர்த்துவிடுகின்றது. மருத்துவக் குறிப்பும் பூச்சிமருந்துத் தாளும் இனி அவ்வழியே தமிழாகி உழவர் கைக்கு வரும். அப்பொறி எழுத்தில் உள்ளதையே கற்கும். மருந்துக்குக் கேளாமை எழுத்தில் இல்லையேல், எதிர்ப்பாற்றலையே அது மீண்டும் மீண்டும் எழுதும். நம் பிழை பன்னூறாயிரம் படிகளாகப் பெருகும்.

எனவே இச்சமவெளியிலுள்ள தமிழ்த்துறைகளின் முதுகலை மாணவர்க்கு ஒரு பணியைப் பரிந்துரைக்கின்றோம். ஒவ்வொருவரும் ஒரு தொழிலைத் தேர்ந்து, அதன் சொற்களைத் தொழிலோர் வாய்மொழியாகக் கேட்டு, அத்துறை அறிந்த அறிவியலாரிடம் காட்டி, பிறழ்வன இவை, பொருந்துவன இவை எனப் பகுத்து வெளியிடுதல் வேண்டும். சேலத்தில் 1916இல் தொடங்கிய பணி அப்போதுதான் தன் மறுபாதியைப் பெறும். புதிதாக ஆக்கும் ஒவ்வொரு சொல்லையும், நீராய்வுத் தாளைக் கையில் வைத்திருக்கும் அத்தாயின்முன் வைத்துப் பார்ப்போமாக. அச்சொல்லைக் கொண்டு அவள் ஒரு வினா எழுப்புவாளாயின் அது நல்ல சொல் என்க.